திரையின் அடியில் ஓடிய வரிகள்

கிள்ளான்
9 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள சுமையா,

சிந்து எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, அப்பாவின் லோரி மூவரும் நலம். நாகூரில் நீயும் உன் உம்மா, வாப்பா, மாமி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? நோன்புக் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டிலிருந்து நீ ஓடி வராத முதல் நோன்பு மாதம் இது. உங்கள் வீடு இன்னும் பூட்டியே கிடக்கிறது. வாசலில் செருப்பு இல்லாத வீட்டைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

பிளஸ் டூ முடியும்வரை உனக்குக் கைப்பேசி கிடையாது என்று உன் வாப்பா சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை அவருடைய கைப்பேசியில் ஐந்து நிமிடம், அதுவும் வீடே சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருக்க, நாம் என்னதான் பேசுவது? இப்போது கோபம் இல்லை. ஏழு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவளுக்குத் தபால்தலை ஒட்டி எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு பெரிய செய்தி. என் பிறந்தநாளுக்கு அப்பா இணையத்தில் படம் பார்க்கும் செயலியை வாங்கித் தந்தார். சுமையா, எத்தனை படங்கள் தெரியுமா! விரலால் தள்ளத் தள்ளத் தீரவே இல்லை. முதல் நாள் நான் ஒரு படமும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் வெறும் தலைப்புகளையே படித்துக்கொண்டிருந்தேன். முதன்முதலாக நூலகத்துக்குள் போன அன்று நாம் இருவரும் வாயைத் திறந்தபடி நின்றோமே, அப்படி. இத்தனையும் என் உள்ளங்கைக்குள் எப்படி வந்து உட்கார்ந்தன?

உனக்குக் கொடுத்த குறுந்தட்டுப் பெட்டி பத்திரமா? "அங்கே நெட் சரியா இருக்காது, ஆனா பழைய பிளேயர் இருக்கு" என்று நீ சொன்னதும் எங்கள் டிவி அலமாரியின் அடித்தட்டைக் காலி செய்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பிளேயர்தான் நான் பால்வாடி போகும்போதே செத்துவிட்டதே! இருபத்தேழு படம், படத்துக்கு இரண்டு தட்டு. அப்போது அப்பா ஜொகூருக்கு லோரி ஓட்டிப் போயிருந்தார். திரும்பி வந்து அலமாரியைப் பார்த்து, "இங்க இருந்ததெல்லாம் எங்கம்மா?" என்றார்.

"சுமையாவுக்குக் குடுத்துட்டேன்ப்பா. எல்லாம் ஓன்லைன்லயே இருக்குல்ல."

"ஓ. சரிமா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் லோரியைக் கழுவினார். அப்போதுதான் மழை கழுவி விட்டிருந்தது. மறுபடியும் கழுவினார். அப்பா இப்படித்தான்.

இன்னொன்று. மலாய் வகுப்பில் புவான் ரோஹானா, ஆளுக்கு ஒரு பந்துன் கொண்டுவரச் சொன்னார். எல்லோரும் இணையத்திலிருந்து ஒரே நாலு வரிப் பாட்டைத்தான் எடுத்து வந்தார்கள். தனேஷ் எழுத்துப் பிழையைக்கூட மாற்றவில்லை. நான், சிறுவயதில் அப்பா என்னைத் தூங்கவைக்கப் பாடும் நாலு வரியைச் சொன்னேன். (உன்னிடம்கூட நான் பாடிக் காட்டியதில்லை. இப்போதும் அதை முணுமுணுப்பேன் என்று சொல்ல வெட்கம்.) ஆசிரியை எழுந்து நின்று, இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, நான் கேள்விப்பட்டதே இல்லையே என்றார். அப்பாவைக் கேட்டேன். "அம்மா பாடுவா. எங்க கத்துக்கிட்டாளோ" என்றார். என் நாலு வயதில் போன அம்மாவிடம் இனி யார் போய்க் கேட்பது?

உன் கடிதத்துக்காகத் தபால் பெட்டியைத் தினமும் இரண்டு முறை திறக்கப் போகும்,
சிந்து


நாகூர்
4 ஏப்ரல் 2025, வெள்ளி

என் சிந்துவுக்கு,

சுமையாவின் சலாம். உன் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன், உம்மா ஒரு முறை படித்தார், மாமி படிக்கச் சொல்லிக் கேட்டார். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உனக்காக ஒரு வட்டலப்பத்தைத் தனியாக எடுத்துவைத்து, பிறகு உன் பெயரைச் சொல்லி நானே சாப்பிட்டேன்.

இங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாய் வலிக்கிறது. தமிழும் ஆங்கிலமும் பேசுகிறேன், மலாய் பேச ஒரு ஆள் இல்லை. நேற்று கடையில் வாய் தவறி "தெரிமா காசி" என்று நன்றி சொல்லிவிட்டேன். கடைக்காரர், "காசி யாரும்மா, உன் தம்பியா?" என்கிறார். சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் அழுதேன். ஏழு வருடம் பேசிய பாஷை சிந்து, ஒவ்வொரு சொல்லாக உதிர்கிறது. குடைக்கு மலாயில் என்ன என்று ஒரு முழு நாள் யோசித்தேன்.

உன் சிடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதே, இங்கிருக்கும் பிளேயரில் தட்டு வெளியே வருவதே இல்லை. வாப்பா பழுதுபார்க்கக் கொடுக்கிறேன் என்கிறார், கொடுக்கவில்லை. பெட்டி சும்மா கிடந்தது. மாமி மொட்டை மாடியில் கருவாடு காயப்போடுவார். காகங்கள் ஒரு மீனை விடுவதில்லை. "அந்தப் பளபளப்புத் தட்ட கட்டித் தொங்க விடு புள்ள, ஒரு காகம் அண்டாது" என்றார். எல்லாமே உன் கைப்பேசியிலேயே இருக்கிறது என்று நீதானே எழுதியிருந்தாய்! நடு ஓட்டையில் நைலான் நூலைக் கோத்து, ஐம்பத்து நான்கையும் நானே கட்டினேன்.

சிந்து, நீ அதைப் பார்க்க வேண்டுமே! கடல்காற்று அடித்ததும் ஐம்பத்து நான்கும் ஒன்றாகச் சுழலும். மாடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, மாமியின் முகம், எல்லாவற்றின் மேலும் வானவில் துண்டுகள் ஓடும். முதல் நாள் மாமி கருவாட்டை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சுபஹானல்லாஹ்" என்றார். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள். இது சிந்து கொடுத்தது என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஒரு காகம்கூட வரவில்லை.

உன்னுடைய,
சுமையா


கிள்ளான்
13 ஏப்ரல் 2025, ஞாயிறு

அன்புள்ள சுமையா,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் இன்னொன்று எழுதுகிறேன். அவசரத்தில் எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

இன்று மதியம் அப்பாவுக்கு ஓய்வு. "நீங்க ஒரு படம் சொல்லுங்கப்பா, நான் போடறேன்" என்றேன். அப்பா வெகுநேரம் யோசித்து, கலங்கரை விளக்கக் காவலரும் அவர் மகளும் வருகிற ஒரு பழைய தமிழ்ப்படத்தைச் சொன்னார். அம்மாவுக்குப் பிடித்தது, வீட்டில் அதன் பெயரே 'விளக்குப் படம்' தான் என்றார். தேடியதும் வந்தது. மலாய் வரிகளும் இருந்தன, வைத்தேன். எனக்குப் படம் பார்க்கும்போதும் எதையாவது படித்துக்கொண்டிருக்க வேண்டும், உனக்குத் தெரியுமே.

படத்தில் அப்பாக்காரர் புயலில் படகை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். மகளிடம், "போயிட்டு வரேன்" என்கிறார். திரையின் அடியில் "செலாமாட் திங்கால்" என்று வந்தது. பிரிந்து போகிறவர் சொல்லும் விடை.

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "இது இல்லயே" என்றார்.

"எது இல்ல?"

"அம்மா இப்படி எழுதல. இது வேற யாரோ எழுதினது."

நான் படத்தை நிறுத்தினேன். சுமையா, அம்மா பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஆபீசில் தட்டெழுத்து வேலை பார்த்தார் என்றுதான் எனக்குத் தெரியும். என்ன தட்டெழுதினார் என்று நான் கேட்டதே இல்லை, அப்பாவும் சொன்னதில்லை. இன்று சொன்னார். அது தமிழ்ப் படங்களை விசிடியாகப் போடும் கம்பெனியாம். மலாய்க்காரர்களும் பார்க்கவேண்டுமே, அதற்காகத் திரையின் அடியில் ஓடும் மலாய் வரிகளை எழுதியது என் அம்மா. ஒவ்வொரு படம் முடிந்ததும் கம்பெனி ஒரு பிரதி தருமாம். அவைதான் அடித்தட்டில் இருந்த இருபத்தேழு படமும்.

"'போயிட்டு வரேன்'கிறத எப்படி மலாய்ல எழுதறதுன்னு ரெண்டு நாள் மண்டைய ஒடச்சிக்கிட்டா. 'நம்மள்ல யாருங்க வெறும் போறேன்னு சொல்றாங்க? திரும்பி வருவேன்னு சேத்துதானே சொல்வோம்'னா. சாப்பிடும்போதும் அதே பேச்சு" என்றார் அப்பா.

"கடைசியில என்னப்பா எழுதினாங்க?"

அப்பா சுவரைப் பார்த்தார். "மறந்து போச்சும்மா. தட்டுலதான் இருக்கேன்னு இருந்துட்டேன்."

நான் கொடுத்தபோது ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். "நீ கூட்டாளிக்கு ஆசையா குடுத்துட்ட. அதப் போய் கேக்கச் சொல்றதா? நானும் பிளேயர் இல்லாம பன்னெண்டு வருசமா அத தொட்டதே இல்ல" என்றார்.

படம் ஒன்றுதான், சுமையா. அதே நடிகர்கள், அதே கடல். ஆனால் கைப்பேசியில் இருப்பதில் என் அம்மா இல்லை. உன்னிடம் இருப்பதில் இருக்கிறார். அம்மாவின் கையெழுத்துகூட எங்களிடம் ஒரு மளிகைப் பட்டியலில்தான் இருக்கிறது, நான் அதைத்தான் இத்தனை வருடம் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்போது இருபத்தேழு படம் நிறைய வாக்கியங்கள்! நான் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்படுவதை வகுப்பில் எல்லோரும் கிண்டல் செய்வார்களே, என் வீட்டிலேயே ஒருவர் எழுதியிருக்கிறார். 

பெட்டியை ஈரம் படாத இடத்தில் வை. யாரையும் தொடவிடாதே. எப்படித் திரும்ப வாங்குவது என்று யோசித்து எழுதுகிறேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

சிந்து


கிள்ளான்
26 ஏப்ரல் 2025

சுமையா,

உன் கடிதம் இன்று வந்தது.

வெயிலிலும் கடல்காற்றிலும். நடு ஓட்டையில் நூல் கோத்து. காகம் ஓட்ட.

கொடுத்தது நான்தான். எனக்குத் தெரியும். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை. இதற்கு மேல் எழுத வரவில்லை.

சிந்து


நாகூர்
16 மே 2025, வெள்ளி

சிந்து,

உன் ஏப்ரல் பதின்மூன்றாம் தேதிக் கடிதம் வந்த அன்று நான் மாடிக்கு ஓடினேன். மாமி கீழிருந்து, "ஏன் புள்ள அப்படி ஓடுறா, பாம்பா?" என்று கத்தினார். ஐம்பத்து நான்கு முடிச்சையும் அவிழ்க்கப் பொறுமை இல்லை, கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன்.  அவர் தன்னுடைய நல்ல மல்லுப் புடவை ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இருவரும் ஒவ்வொன்றாக உப்புப் படலம் போகத் துடைத்தோம். "ஒரு தாயோட பேச்ச கட்டித் தொங்க விட்டுட்டேனே" என்று மட்டும் ஒரு முறை சொன்னார்.

உன் ஏப்ரல் இருபத்தாறாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. அதில் 'அன்புள்ள' இல்லை. அது சரிதான்.

பிளேயரை வாப்பா இந்த முறை அன்றே கொண்டுபோய்ச் சரிசெய்தார். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. முப்பத்தொன்று நன்றாக ஓடுகின்றன. ஒன்பது செத்துவிட்டன. அவற்றின் வெள்ளிப் பூச்சு உரிந்து வெறும் கண்ணாடியாகிவிட்டது. கண்ணுக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் மாமி தெரிகிறார். மீதிப் பதினான்கு தடுமாறுகின்றன; ஓடும், நிற்கும், கட்டம் கட்டமாக உடையும், மறுபடி ஓடும். விளக்குப் படத்தின் முதல் தட்டு அந்தப் பதினான்கில் ஒன்று.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று இப்போது சொல்லமாட்டேன். முடித்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை என்னிடம் கோபமாகவே இரு.

சுமையா


கிள்ளான்
8 ஜூன் 2025, ஞாயிறு

சுமையா,

கோபமாக இருக்கப் பார்த்தேன். மாமி புடவையைக் கிழித்த இடத்தைப் படித்ததும் முடியவில்லை.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா கேட்டுவிட்டு, "காகம் வந்துச்சாமா?" என்றார். இல்லையாம் என்றேன். "அம்மா இருந்திருந்தா இதுக்குச் சிரிச்சிருப்பா" என்றார். பிறகு லோரியைக் கழுவப் போய்விட்டார்.

நேற்று இருவரும் கொமுட்டர் ரயிலில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனோம். எங்காவது இன்னொரு பிரதி கிடைக்குமா என்று பார்க்கத்தான். கம்பெனி மூடிப் பல வருடமாகிறது. அதை நடத்திய யுகேந்திரன் அங்கிள் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார். என்னைப் பார்த்ததும், "யாரு, சீதா மகளா? அதே முழி!" என்றார்.

மூல நாடாக்கள்? "ஆபீஸ் மூடினப்ப எல்லாம் குப்பை லோரில போயிடுச்சும்மா. இப்ப யாரு லா விசிடி பாக்கறா? அந்தப் படமெல்லாம்தான் நெட்டுல இருக்கே."

"படம் இருக்கு அங்கிள். வரி வேற" என்றேன்.

அவர் கையிலிருந்த உறையைக் கீழே வைத்தார். "ஆமா" என்றார். "ஆமா லா."

பிறகு சொல்லச் சொல்ல நான் நின்றபடியே கேட்டேன். மேல்மாடியில் ஒரு டிவி, ஒரு கணினி, ஒரு ஜன்னல். ஒரு வரி திரையில் நிற்பது இரண்டு, மூன்று நொடிதான். "நீளமா எழுதினா நான் வெட்டுவேன். உங்கம்மா படியிறங்கி சண்டைக்கு வருவா. 'அண்ணே, அந்த ஒரு சொல்ல எடுத்தா அவன் அழுவறது பொய்யாயிடும்'னு சொல்வா. கடைசியில நான்தான் தோப்பேன்!"

ஷா ஆலமிலிருந்து ஒரு மலாய் அம்மா மாதம் ஒருமுறை வருவாராம். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. நடிகர் யார் என்று கேட்கமாட்டாராம். "வரி எழுதறது அந்தப் பொண்ணுதானா?" என்று கேட்டுத்தான் வாங்குவாராம்.

சுமையா, என் அம்மாவுக்கு வாசகி இருந்திருக்கிறார். பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரை எத்தனை வீட்டுக் கூடங்களில், எத்தனை பேர், முகம் தெரியாத என் அம்மாவின் வாக்கியங்களைப் படித்துச் சிரித்திருப்பார்கள், கண்ணைத் துடைத்திருப்பார்கள்! ரயிலில் வரும்போது எதிரே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மலாய் மக்சிக் அம்மாவையும் பார்த்தேன். இவர் படித்திருப்பாரா? இவர்?

வீட்டுக்கு வந்து விளக்குப் படத்தையாவது மறுபடி பார்க்கலாம் என்று செயலியைத் திறந்தேன். இல்லை. "இப்படம் தற்போது கிடைக்காது" என்று ஒரே வரி. யாரிடமும் கேட்காமல் எடுத்துவிட்டார்கள். நான் உனக்குப் பெட்டியைக் கொடுக்கும்போது அப்பாவைக் கேட்டேனா? அதுபோலத்தான்.

அன்புடன் (இந்தச் சொல்லைப் போன கடிதத்துக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்),
சிந்து


நாகூர்
20 ஜூலை 2025, ஞாயிறு

என் சிந்துவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. எங்கள் தெரு இம்ரான் அண்ணன் கிள்ளானில் ஒரு உணவகத்தில் வேலை செய்கிறார். விடுமுறை முடிந்து திரும்புகிறார். "துணிப் பைல போடமாட்டேன், கையிலயே வச்சிக்கிறேன்" என்று சத்தியம் செய்து வாங்கிக்கொண்டார். அவர் கையில் நன்றாக ஓடும் முப்பத்தொரு சிடியும் ஐந்து நோட்டுப் புத்தகமும் இருக்கும்.

நோட்டுப் புத்தகம் எதற்கு என்றால், அந்தப் பதினான்கு இருக்கிறதே, அவற்றை நம்பி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. இன்று ஓடியது நாளை ஓடாமல் போகலாம். அதனால் ஓடும்போதே நிறுத்தி நிறுத்தி, திரையின் அடியில் உள்ள எல்லா வரியையும் எழுதிவிட்டேன். ரிமோட் கிடையாது. பிளேயரின் பொத்தானைப் பென்சிலால் அழுத்த வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் உட்காருவேன். மாமி பக்கத்தில் இருந்து, "நிப்பாட்டு, நிப்பாட்டு, வந்திருச்சு!" என்று கத்துவார். அவருக்கு மலாய் தெரியாது. எழுத்து வந்தாலே கத்துவார்.

முதலில் இதைத் தண்டனை மாதிரிதான் தொடங்கினேன். மூன்றாம் நாள் மாறிவிட்டது. ஒரு படத்தில் அத்தைக்காரி, "வாயாடி!" என்று திட்டுகிறாள். உன் அம்மா அதற்கு "மூலுட் முராய்" என்று எழுதியிருக்கிறார். வாய் ஓயாத குருவி! பள்ளிப் பேருந்தில் ஓட்டுநர் பாக்சிக் நம்மை அப்படித்தானே திட்டுவார்? நான் பென்சிலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். அடுத்த படத்தில் மழை, ஒருவன் குடையை விரிக்கிறான், அடியில் "பாயோங்". குடை! நான் ஒரு நாள் முழுக்கத் தேடிய சொல்! உதிர்ந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்துக்கொண்டே வந்தார். இங்கே மலாய் பேச எனக்கு ஒரு ஆள் இல்லை என்று எழுதினேன் அல்லவா? இரண்டு மாதம் உன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன், சிந்து.

அப்பா மறந்த வரி மூன்றாவது நோட்டில், பதினோராம் பக்கம். படகை எடுக்கும் காட்சி. "பெர்கி டூலு யா, நந்தி பாலேக்." இப்போதைக்குப் போகிறேன், பிறகு திரும்பிவிடுவேன். கோடு போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. நன்றாக ஓடும் ஒரு படத்தின் கடைசியில் கருப்புத் திரையில் ஒரு நொடி மட்டும் ஒரு வரி வந்து மறைந்தது. ஏழு முறை முயன்று நிறுத்தினேன். "சாரி காதா: சீதாலெட்சுமி." வரிகள் எழுதியவர். மாமியும் நானும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம். பிளேயர் சூடாகும்வரை நான் அதைப் போகவிடவில்லை.

இனி மனசுக்குக் கஷ்டமானது. விளக்குப் படத்தின் முதல் தட்டு முழுவதும் கிடைக்கவில்லை. சிடியை இயந்திரம் உள்ளிருந்து வெளியே படிக்குமாம். காற்றில் சுவரில் மோதி மோதி வெளி விளிம்பு உரிந்துவிட்டது. அதனால் அந்தத் தட்டின் கடைசிக் காட்சி போய்விட்டது. அம்மாக்காரி விளக்குக் கோபுரத்தில் குழந்தையைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுகிறாள். தமிழ்ப் பாட்டில் முத்து, பவளம், பொன்னூஞ்சல் என்று ஏதேதோ வருகிறது. உன் அம்மா அதை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. படத்தில் என்ன தெரிகிறதோ அதை வைத்துத் தானே ஒரு பாட்டாக எழுதியிருக்கிறார். இரண்டு வரி வந்தது:

லம்பு மெஞாலா டி ஹுஜோங் தஞ்சோங்,
பெராஹு கெச்சில் மென்சாரி ஜாலான்;

முனையின் ஓரத்தில் விளக்கு எரிகிறது, சின்னப் படகு வழி தேடுகிறது. அவ்வளவுதான். திரை உறைந்துவிட்டது. இருபது முறை முயன்றேன். துடைத்தேன். துஆ கேட்டேன். இந்த இரண்டு வரியைத் தாண்டவே இல்லை. எவ்வளவு அழகாக இருந்திருக்கும்! அதன் கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்த வெற்றிடம் என்னால் வந்தது. அதை மட்டும் மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

சுமையா


கிள்ளான்
3 ஆகஸ்டு 2025, ஞாயிறு

என் அன்புச் சுமையா,

இம்ரான் அண்ணன் நேற்றுக் காலை வேலைக்குப் போகும் வழியில் வந்தார். உண்மையாகவே கையிலேயே வைத்திருந்தார். அப்பா எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை, "பாஸ் திட்டுவாருண்ணே" என்று ஓடிவிட்டார்.

உன் கடிதத்தைப் பிரிக்கும் முன்பே நோட்டுகளை மேசைமேல் வைத்து அப்பாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் சத்தமாகப் படித்தேன். உன் கையெழுத்தில் என் அம்மா பேசுவதைக் கேட்டோம். பதினோராம் பக்கத்தைப் படித்ததும் அப்பா, "அதான்! அதேதான்!" என்று மேசையைத் தட்டினார். தேநீர் கொட்டியது. நோட்டு நனையவில்லை, பயப்படாதே.

அப்புறம் தாலாட்டுக்கு வந்தேன்.

முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரியைப் படித்தேன். நீ விட்ட வெற்றிடம் வந்தது. நான் நிற்கவில்லை, சுமையா. என் வாய் நிற்கவில்லை. அடுத்த இரண்டு வரியும் தானாக வந்தன. எதிரே அப்பாவின் வாயும் அசைந்தது. இருவரும் சேர்ந்தே சொல்லி முடித்தோம். முடித்தபிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நான் வகுப்பில் சொன்ன பந்துன் இதுதான். புவான் ரோஹானா எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டாரே, எந்தப் புத்தகத்திலும் இல்லாததற்குக் காரணம் இப்போது தெரிகிறது.

"நான் ஏதோ மலாய்ப் பாட்டு, எங்கயோ கேட்டிருக்கான்னு நெனச்சேன்" என்றார் அப்பா. விரலால் வருடங்களை எண்ணிப் பார்த்தார். "இந்தப் படம் செஞ்சப்ப நீ வயித்துல. அப்பதான் இத பாட ஆரம்பிச்சா. அவ எழுதினதுன்னு ஒரு வார்த்த சொல்லலியே." அம்மா போனபிறகு எனக்குத் தூக்கம் வராமல் அழுதபோது அப்பாவுக்கு வேறு பாட்டுத் தெரியாததால் இதைப் பாடினாராம். ராகம் அப்பாவுடையது, அது தப்பாகத்தான் இருக்கும். வரிகள் ஒரு எழுத்தும் மாறாமல் வந்திருக்கின்றன.

அம்மாவின் வரிகள் அந்தத் தட்டுகளில் மட்டும்தான் இருக்கின்றன என்று நான் அழுதேன். செயலியில் தேடினேன், பிரிக்பீல்ட்ஸில் தேடினேன், உன்மேல் கோபப்பட்டேன். அவ்வளவு காலமும் இரண்டு வரி என் வாயிலேயே இருந்திருக்கிறது. நீ எழுதி அனுப்பியிருக்காவிட்டால் அது அம்மாவுடையது என்று எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. உன்னிடம் பாதி, என்னிடம் பாதி. இன்று முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், வியப்பு அடங்கவே இல்லை.

அந்த ஒன்பது செத்த தட்டுகளையும் மாமியிடமே கொடுத்துவிடு. மறுபடி கட்டித் தொங்கவிடச் சொல். இது என் கட்டளை, அப்பாவின் கட்டளையும்கூட. காற்று வரும்போது வானவில் எப்படி ஓடுகிறது என்று எனக்கு எழுத வேண்டும். மாமிக்கு ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறேன், இம்ரான் அண்ணனின் அடுத்த விடுமுறைக்கு வரும்.

தடுமாறும் விளக்குப் படத் தட்டை மட்டும் நீயே வைத்துக்கொள். அதோடு ஒரு புது நோட்டையும் எடுத்துக்கொள். அதில் முதல் இரண்டு வரியை மறுபடி எழுது. கீழே இடம் விடாதே. மீதி இதோ:

தீடோர்லா சாயாங், பாகி பெர்குஞ்சோங்,
இபு பெர்ஜாகா மெனெமானி பூலான்.

தூங்கு கண்ணே, காலை வந்து பார்க்கும்; நிலவுக்குத் துணையாக அம்மா விழித்திருக்கிறேன்.

உன்
சிந்து